சனிக்கிழமைக்காரியும் இரண்டாம் ஞாயிற்றுக்காரியும்

திருப்பூர்
12.8.2024

ஜெயபாரதி மேடம் அவர்களுக்கு,

நான் செம்மொழியின் அம்மா, அம்சம். அவள் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இல்லத்தில் உங்கள் போன் நம்பரைக் கேட்டேன். கண்காணிப்பாளர் ரசியா பேகம் மேடம் தரவில்லை. "பெத்தவங்களும் தன்னார்வலர்களும் நம்பர் மாத்திக்கக் கூடாதுங்க, அது இங்க விதி. சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, சேத்துடறோம்" என்றார். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் இதை எழுத அது போதும்.

நேற்று இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகளைப் பார்க்க எங்களை உள்ளே விடும் நாள். பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு முதல் ஆளாக இல்லத்து வாசலில் நின்றேன். செம்மொழி ஓடி வந்தாள். கம்பெனியில் பனியன்களில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குவது என் வேலை. கண்ணில் முதலில் பட்டது அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறுதான்.

"யாருடி கட்டினா?" என்றேன்.

"பாரதிம்மா. ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு கூட்டிட்டுப் போனாங்க" என்றாள்.

சனிக்கிழமைதோறும் ஒரு மேடம் வந்து அவளோடு பேசிப் பழகுவார், ஓர் அக்கா மாதிரி துணையாக இருப்பார் என்று சொல்லிப் போன வருஷம் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா எப்போது அம்மா ஆனார்? அதற்கு யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.

அவளுக்குப் பிடிக்கும் என்று அல்வா வாங்கிப் போயிருந்தேன். ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிட்டாள். "இனிப்பு ரொம்ப வேணாம்னு பாரதிம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். மூன்று வயதில் அச்சுவெல்ல டப்பாவுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டவள் அவள்.

கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் அழுவாள். அடுத்த ஆடிக்கு உங்கள் கை அவள் கழுத்துப் பக்கம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
செம்மொழியைப் பெற்றவள்


தஞ்சாவூர்
24.8.2024

அன்புள்ள அம்சம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னியுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று இல்லத்து வேனில் பத்துப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. போலீஸ் யாரையும் கடைசிப் படிக்கு விடவில்லை. ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் செம்மொழியைப் பிடித்துக்கொண்டேன். காப்பரிசி வைத்துக் கும்பிட்டு முடித்ததும், கூட வந்த சமையல்கார அம்மா, "சுமங்கலி கையால கட்டுங்கம்மா, புள்ளைக்கு நல்லது" என்று கயிற்றை என்னிடம் கொடுத்தார். கட்டினேன். இதில் வேறொன்றும் இல்லை.

'பாரதிம்மா' என்று அவளாகத்தான் கூப்பிட ஆரம்பித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மகன், கோவையில் கல்லூரியில் படிக்கிறான். போன் செய்தால் 'ம்', 'சரி', 'வைக்கவா' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவான். கணவர் மஸ்கட்டில். கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் என்னை எல்லோரும் 'மேடம்' என்பார்கள். ஒரு பிள்ளை தூரத்திலிருந்து 'பாரதிம்மா' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தால் யார்தான் தடுப்பார்கள்?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜூனிலும் ஜூலையிலும் நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்த்தவள் நான்.

ஜெயபாரதி


திருப்பூர்
9.9.2024

மேடம்,

மன்னியுங்கள் என்று ஆரம்பித்துக் கடைசி வரியில் குத்துகிறீர்கள். படித்தவர்கள் எப்படிக் குத்துவார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

ஜூனிலும் ஜூலையிலும் ஞாயிற்றுக்கிழமைகூட ஷிப்மெண்ட் வேலை. கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவர்களைக் கேட்டுக்கு வெளியே விடவில்லை. இல்லத்துப் போனில் அவளிடம் சொன்னேன். "சரிம்மா, பரவால்லம்மா" என்றாள். அந்தப் பரவாயில்லை எப்படிப்பட்டது என்று உங்களைவிட எனக்குத் தெரியும்.

சுமங்கலி கை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அவள் அப்பா மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துப் போனார். குடவாசல் பக்கம் எங்கள் ஊர். தாலி இல்லாதவள் ஆடிப்பெருக்கன்று கயிறு கட்டக் கூடாது என்பார்கள். நான் கட்டினேன். படித்துறையில் அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்க, என் பிள்ளைக்கு நான்தான் கட்டினேன். அவளை இல்லத்தில் விடுகிற வரைக்கும் ஒரு வருஷமும் விட்டதில்லை. அவளும் எல்லோரையும் முறைத்துக்கொண்டே கழுத்தை நீட்டுவாள். இந்த வருஷம் உங்கள் சுமங்கலிக் கைக்கு நீட்டியிருக்கிறாள்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல்தான் செய்தீர்கள். அதனால் என் ஆத்திரம் குறைந்துவிடவில்லை.

உங்களுக்குத் திருப்பனந்தாள் பக்கம் நிலம் இருப்பதாகச் சொன்னாள். உங்களைப் போன்றவர்கள் வயலில் எங்கள் சனம் நட்டுக் கொடுத்தது, களை பறித்துக் கொடுத்தது, அறுத்துக் கொடுத்தது. மெஷின் வந்ததும் கையை விரித்துவிட்டீர்கள். நாங்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினோம். இப்போது உங்களுக்குப் பெற்றும் கொடுக்க வேண்டுமா?

ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் நினைத்துக்கொள்வேன், இந்நேரம் அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து இவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பாள் என்று. எனக்குக் கிடைப்பது மாதத்தில் ஒரு பகல். அதிலும் பாதி, "சாப்பிட்டியா, எளச்சுட்டியே" என்பதிலேயே போய்விடுகிறது.

அப்படி என்னதான் உங்களிடம் பேசுகிறாள்? எழுதுங்கள். கோபத்தில் கேட்கவில்லை. கோபத்தில்தான் கேட்கிறேன், ஆனாலும் எழுதுங்கள்.

அம்சம்


தஞ்சாவூர்
18.11.2024

அன்புள்ள அம்சம் அவர்களுக்கு,

உடனே பதில் எழுத வரவில்லை. கயிறு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. நில விஷயத்தில் பதில் இருக்கிறது. அது மாமனார் நிலம், குத்தகையில் இருக்கிறது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை.

என்ன பேசுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை நம்பிச் சொல்வதை, அவளுக்கு ஆபத்து இருந்தாலொழிய, யாரிடமும் சொல்லக் கூடாது என்று பயிற்சியின்போதே சொல்லிவிட்டார்கள். அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். கணக்கில் முக்கோணவியலைத் திட்டுவாள். வார்டன் நடக்கிற நடையை நடந்து காட்டுவாள். பக்கத்துக் கட்டில் வானதியைப் பற்றிப் பேசுவாள், அந்தப் பிள்ளையைப் பார்க்க வர ஒருவரும் இல்லை. மீதி நேரமெல்லாம் உங்களைப் பற்றித்தான்.

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு மட்டும் ஓர் உடை கொடுக்கலாம் என்று அனுமதி தந்தார்கள். கும்பகோணம் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஊதா நிறத்தில் ஒரு சுடிதார் எடுத்தேன். "சூப்பரா இருக்கு பாரதிம்மா" என்றாள். அடுத்த சனிக்கிழமை நீங்கள் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோளில் தையல் கோணலாகப் போன பனியன். "எக்ஸ்போர்ட் பீஸ், எங்கம்மா கை பட்டது" என்று தோளைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கு அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

உங்களுக்கு மாதத்தில் ஒரு பகல்தான், சரி. மற்ற நாட்களையும் நீங்களே எடுத்துக்கொண்டால் நான் எங்கே போவது? வாராவாரம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் உங்கள் புகழைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஜெயபாரதி


திருப்பூர்
14.4.2025

மேடம்,

செம்மொழியை என்னோடு அனுப்பச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழுவில் மனுக் கொடுத்துவிட்டேன். ஹாஸ்டலை விட்டு வந்து வீடு பிடித்துவிட்டேன். பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். பதினொன்றாவது அவள் இங்கேயே படிப்பாள்.

மே மாதம் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். உங்கள் அபிப்பிராயத்தையும் எழுதி வாங்குவார்களாம். என் பிள்ளை என்னோடு வருவதற்கு உங்கள் அபிப்பிராயம்!

நேற்று அவளிடம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்துப் போனேன். "பாரதிம்மா என்ன சொல்வாங்களோ" என்றாள்.

என்ன சொல்வீர்கள்?

அம்சம்


தஞ்சாவூர்
22.4.2025

அன்புள்ள அம்சம் அவர்களுக்கு,

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது முடியும் வரை அவள் இங்கேயே இருப்பது நல்லது என்று எழுதப்போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய விருப்பமில்லை.

நீங்கள் கேட்டபோது எழுதாமல் விட்டதையும் இப்போது எழுதுகிறேன். உங்கள் வசதி முழுவதும் எனக்கு மனப்பாடம். லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு. ஏசி போட்ட அறை. நீங்கள் சூப்பர்வைசர், உங்களுக்குக் கீழே நாற்பது பேர். அவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து ஸ்கூட்டியும் வாங்கித் தரப்போகிறீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே வந்தது. நான் அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுக்கக்கூட யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆனால் இத்தனை பெரிய வேலையில் இருப்பவர் வீடு திரும்ப எந்நேரம் ஆகும்? ஏசி அறையில் அவள் சுவரோடா பேசுவாள்? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு வசதி உள்ளவர் ஏன் பிள்ளையை இவ்வளவு காலம் இல்லத்தில் விட்டு வைத்தார்?

இதில் என் சுயநலம் எதுவும் இல்லை என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். இருக்கிறது.

ஜெயபாரதி


திருப்பூர்
28.4.2025

மேடம்,

லிஃப்டா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, என்னை நக்கல் செய்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தஞ்சாவூருக்கே பஸ் ஏறி வந்து உங்கள் அலுவலகத்தில் நின்று நாலு வார்த்தை கேட்க இருந்தேன். பிறகுதான் 'அவள் சொல்லி எனக்கு மனப்பாடம்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்களே என்று உறைத்தது.

நான் இருப்பது லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். மேலே சிமெண்ட் ஷீட். ஃபேன் உண்டு, குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். நான் சூப்பர்வைசர் இல்லை. எனக்கு மேலேதான் நாற்பது பேர். இது எல்லாம் செம்மொழிக்கு நன்றாகத் தெரியும். நான் அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஹாலில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல் இருக்கிறதா? மாடியில் அவளுக்கென்று ரோஸ் கலர் அடித்து ஓர் அறை வைத்திருக்கிறீர்களா? உங்கள் பீரோவில் அவளுக்காகக் கல் வைத்த தோடு காத்திருக்கிறதா? அவளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் சொந்தப் பிள்ளையாக எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறீர்களா?

இரண்டாம் ஞாயிறுதோறும் இந்தக் கதையைத்தான் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு கடிதத்திலும் உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயம். அந்த ஊஞ்சலை நினைத்துத்தான் ஹாஸ்டலை விட்டு வந்து வீடு பிடித்தேன்.

அம்சம்


தஞ்சாவூர்
5.5.2025

அன்புள்ள அம்சம்,

ஊஞ்சல் இல்லை. நான் இருப்பது வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன். ஒரே படுக்கையறை, அதில் பாதியை என் மகனின் பழைய சைக்கிளும் நெல் அவித்து அரைத்த அரிசி மூட்டையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவளை நான் ஒருநாளும் வீட்டுக்கு அழைத்துப் போனதில்லை, விதியில் அதற்கு இடமும் இல்லை. தோடா? என் காதில் கிடப்பதே கவரிங்.

நாம் இருவரும் இந்த உலகத்தில் இல்லாத இரண்டு பெண்களை நினைத்து வயிறெரிந்திருக்கிறோம், அம்சம். நம்பரை மாற்றிக்கொள்ள விட்டிருந்தால் ஒரே போனில் தீர்ந்திருக்கும். விதியை நாம் இருவரும் மதித்ததில் அவள் நன்றாகப் பிழைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளைக் கேட்டேன். திட்டத்தான் போனேன். முதலில் சிரித்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்டி இப்படிச் செஞ்சே?"

"அம்மாகிட்ட உங்களப் பத்திப் பெருசா சொன்னேன். அப்பறம் அவங்க ஒரு மாசம்கூட வராம இருக்கல."

"சரி, எங்கிட்ட எதுக்கு?"

"உங்ககிட்ட அம்மாவப் பத்திச் சொன்னா, அடுத்த வாரம் நீங்க சீக்கிரமே வந்து கேட்டுல நிக்கிறீங்க."

அவள் சொன்னது உண்மைதானே.

"வானதிக்கு ஒரு அக்கா வந்துட்டு இருந்தாங்க" என்றாள். "பரீட்சை, கல்யாணம்னு சொல்லி நின்னுட்டாங்க. வானதி நல்ல புள்ளையா, எல்லாத்துக்கும் சரிக்கா சரிக்கான்னு சொன்னா. அவங்க அப்படியே போயிட்டாங்க. எனக்கு பயமா இருந்துச்சு."

உங்களிடமும் அவள் 'பரவால்லம்மா' என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்கியிருக்கிறாள் போலிருக்கிறது.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். தாயோடு அனுப்பலாம் என்று. ஏசி இல்லை என்று தெரிந்ததால் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களை மாதம் தவறாமல் வரவழைக்க ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். அவள் எங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எனக்காகவும்தான் பொய் சொன்னாள். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்குத் தர மாட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து வாசலில் செருப்பைத் தேடு தேடு என்று தேடினேன். காலில்தான் இருந்தது. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பாவது லிஃப்ட் மேலும் ஏசி மேலும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது போட ஒன்றுமில்லை. உங்களிடம் ஒரு லைன் வீடும் குச்சியால் தள்ளினால் சுற்றும் ஃபேனும் இருக்கின்றன, அவள் அங்கேதான் போகப்போகிறாள்.

வானதியின் சனிக்கிழமைகளை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ரசியா பேகம் மேடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜெயபாரதி


திருப்பூர்
23.6.2025

பாரதி அக்கா,

செம்மொழி என்னோடு இருக்கிறாள். இந்த வரியை எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாவது சேர்த்தாயிற்று. கணக்கு இல்லாத குரூப்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வந்த வாரமே குழாயடியில் ஒரு சண்டை. ஜெயித்துவிட்டாள். ராத்திரியில் என் மேலே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். கால் கனமாகிவிட்டது. எனக்கு நகரக்கூட மனசு வரவில்லை.

சனிக்கிழமை நான் வேலை விட்டு வந்தபோது தலை பின்னி, பவுடர் போட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. சும்மாதான்."

இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். பெற்றவள் நான் முழுசாகப் பக்கத்தில் இருக்கிறேன், இவள் உங்களுக்காகத் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம்.

வானதியை ஏற்றுக்கொள்ளுங்கள். செம்மொழியிடம் அதை நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு சரியாகிவிடும். நமக்கு மட்டும் சரியாகிவிட்டதா என்ன?

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். போன் வேண்டாம். போன் என்றால் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவாள், எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழாது. கடிதம்தான். சனிக்கிழமை கைக்குக் கிடைக்கிற மாதிரி போடுங்கள். நாலு வரியில் முடித்துவிடாதீர்கள், நிறைய எழுதுங்கள்.

நான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். எனக்குப் பிடிக்காத வரி இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கொடுப்பேன், கிழிக்க மாட்டேன்.

அம்சம்